வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் நல வாரியம் உண்டு: பதிவு எங்கே இடறுகிறது?

மந்தைவெளியில், பக்கவாதத்தில் படுத்துவிட்ட ஒரு பெரியவரை ஒன்பது ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மாவுடன், மகளின் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை கேட்பதற்காகத் தொழிலாளர் அலுவலகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். விடியற்காலையில் பெரும்பாக்கத்தில் பேருந்து ஏறி வந்திருந்தார். பெரியவரைத் தூக்கியும் புரட்டியும் வீங்கிப்போன வலது மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ் சுற்றியிருந்தது. மஞ்சப்பையிலிருந்து, லேமினேட் செய்த அட்டை ஒன்றை இரண்டு கையாலும் எடுத்து மேசைமேல் வைத்தார். எதிரில் இருந்தவர் அதைக் கையில்கூட எடுக்காமல், "இது எங்க கார்டு இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எந்த அட்டை வேண்டும், அதை எங்கே வாங்குவது என்று அவர் சொல்லவில்லை. அந்த அம்மா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர். அன்று அவருக்குச் சொல்லப்படாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதியவர்களையும் நோயாளிகளையும் குழந்தைகளையும் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்பவர்கள், ஆயா என்றாலும் ஹோம் நர்ஸ் என்றாலும், வீட்டுப் பணியாளர்கள்தாம். 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் சட்டத்தின்கீழ் 2007இல் வீட்டுப் பணியாளர்களுக்கெனத் தனி நல வாரியம் அமைக்கப்பட்டது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், பேறுகாலம், கண் கண்ணாடி, விபத்து, மரணம் ஆகியவற்றுக்கு உதவித்தொகையும், 60 வயதுக்குப் பின் மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியமும் உண்டு. பெரிய தொகை இல்லைதான். ஆனால் பிறருடைய பெற்றோருக்கு மலஜலம் எடுத்தே முதுகு ஒடிந்தவருக்கு, முதுமையில் தன் பெயரில் வந்து சேரும் ஒரே பணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கிறது.

அந்த அம்மா வைத்திருந்தது இ-ஷ்ரம் அட்டை. 2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு தொடங்கிய அமைப்புசாராத் தொழிலாளர் பதிவு அது. பன்னிரண்டு இலக்க எண்ணும் படமும் அரசு முத்திரையும் இருப்பதால் அதுவே நல வாரிய அட்டை என்று ஏராளமானோர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் காட்டி மாநில வாரியத்தில் எந்த உதவித்தொகையும் பெற முடியாது. இரண்டும் தனித்தனிப் பதிவுகள். ஒன்று இருந்தால் மற்றொன்று தானாக வந்துவிடாது. உங்கள் அட்டையில் தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம் என்று அச்சாகியிருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள்.

பதிவு இப்போது இணையவழியில் நடப்பதால், எழுதப் படிக்கத் தெரியாதவர் கம்ப்யூட்டர் சென்டருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்த்திருக்கிறேன். வேகத்துக்காக, சென்டரில் இருப்பவர் தன்னுடைய செல்போன் எண்ணையே விண்ணப்பத்தில் போட்டுவிடுவார்; பிறகு விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டாலும், குறை கேட்கப்பட்டாலும், குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும். விண்ணப்பித்தவரோ அட்டை வரும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பார். இன்னொன்று இதைவிட மோசமானது. "கட்டட வேலைன்னு போட்டா பணம் அதிகம்" என்று சொல்லி, வீட்டு வேலை செய்பவரைக் கட்டுமான வாரியத்தில் சேர்த்துவிடும் தரகர்கள் இருக்கிறார்கள். கட்டுமான வாரியத்தில் சில உதவித்தொகைகள் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் பணம் கேட்டு விண்ணப்பிக்கும்போது விசாரணை வரும். சித்தாள் வேலையை ஒரு நாளும் பார்க்காதவர் அந்த விசாரணையில் பொய் சொல்ல வேண்டிவரும், அல்லது அட்டையை இழக்க வேண்டிவரும். தரகர் அப்போது உடன் வந்து நிற்க மாட்டார்.

எல்லாவற்றையும்விட அதிகமாக அலைக்கழிப்பது பணிச்சான்று. இவர் இந்த வேலையைத்தான் செய்கிறார் என்று யாராவது ஒருவர் கையெழுத்திட வேண்டும். வேலை கொடுப்பவரோ, பதிவுபெற்ற தொழிற்சங்கமோ, கிராம நிர்வாக அலுவலரோ அதைத் தரலாம். சென்னையில் நடப்பது என்னவென்றால், கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடியமர்த்தப்பட்ட பெண்கள் வேலைக்கு அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் வருகிறார்கள். குடியிருக்கும் இடத்து அலுவலர், "வேலை அங்கே செய்யறீங்க, அங்கே போய் வாங்குங்க" என்கிறார். வேலை செய்யும் இடத்து அலுவலர், "வீடு எங்க எல்லையில இல்லையே" என்கிறார். பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டம், மயிலாப்பூர் சென்னை மாவட்டம் என்பதால் இந்தப் பந்தாட்டம் இன்னும் எளிதாகிவிடுகிறது. ரேஷன் அட்டையில் இடிக்கப்பட்ட பழைய குடிசையின் முகவரியே இன்னமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். முதலில் ஆதார், ரேஷன் அட்டை இரண்டையும் இப்போதைய முகவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதன்பின் குடியிருக்கும் மாவட்டத்திலேயே விண்ணப்பியுங்கள்.

வேலை கொடுக்கும் வீட்டுக்காரரிடம் சான்று கேட்டால் பெரும்பாலும் தயங்குகிறார்கள். கையெழுத்திட்டால் பி.எஃப். கட்டச் சொல்வார்களோ, நாளைக்கு வழக்கு வருமோ என்ற பயம். இந்தச் சான்றில் கையெழுத்திடுவதால் வீட்டுக்காரர் வாரியத்துக்கு ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. உங்கள் தாயைக் குளிப்பாட்டிச் சோறூட்டுபவர் உங்களிடம் கேட்பது ஒரு கையெழுத்து மட்டுமே. அதற்காக அவரை மூன்று மாதம் நடக்கவிடாதீர்கள். வீட்டுக்காரர் மறுத்தால், அலுவலர்களின் வாசலில் காத்திருப்பதைவிட வீட்டுப் பணியாளர் சங்கம் ஒன்றை அணுகுவதே விரைவான வழி என்பது என் அனுபவம். சங்கத்தின் பதிவு எண் கடிதத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்சி வழியாக வேலைக்குப் போகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை தேவைப்படுகிறது. வருங்கால வைப்புநிதித் (பி.எஃப்.) திட்டத்தின்கீழ் வருபவர்கள் இந்த வாரியத்தில் சேர முடியாது. சில ஏஜென்சிகள் சம்பளத்தில் "பி.எஃப்." என்று மாதாமாதம் பிடிக்கின்றன, ஆனால் கணக்கு எண் கேட்டால் தருவதில்லை. உங்கள் பெயரில் உண்மையாகவே கணக்கு இருந்தால் அந்த எண்ணையும் பாஸ்புக் விவரத்தையும் வாங்குங்கள். இல்லையென்றால் எந்தக் கணக்கில் அந்தப் பணம் போகிறது என்று எழுத்துமூலம் கேளுங்கள். அங்கேயும் கணக்கு இல்லை, இங்கேயும் பதிவு இல்லை என்ற நிலையில் பத்து ஆண்டுகள் உழைத்தவர்களை நான் அறிவேன்.

வயதிலும் பெயரிலும் வரும் சிக்கல்கள் சிறியவையாகத் தோன்றும். விண்ணப்பம் தள்ளுபடியாவது பெரும்பாலும் அவற்றால்தான். பள்ளிக்கூடம் போகாத பெண்கள் பலருக்கு ஆதாரில் ஏதோ ஓர் ஆண்டின் ஜனவரி 1 என்று குத்துமதிப்பாகப் பிறந்த தேதி போட்டிருக்கும். 57 வயதானவருக்கு அதில் 61 என்று இருந்தால் பதிவுக்கு வழியில்லை. ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் திருத்த முடியும் என்பதால், சரியான சான்று கையில் கிடைத்த பிறகே திருத்தப் போங்கள். ஆதாரில் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தும், வங்கிப் பாஸ்புக்கில் கணவர் பெயரின் முதல் எழுத்தும் இருந்தால், அதையும் முன்கூட்டியே ஒன்றாக்கிவிடுங்கள். பாஸ்புக் பழைய அலகாபாத் வங்கியுடையது என்றால், அது 2020இல் இந்தியன் வங்கியோடு இணைந்துவிட்டது, புதிய ஐ.எஃப்.எஸ்.சி. எண் உள்ள பாஸ்புக்கை வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். யாரும் வீடு தேடி வந்து நினைவூட்டுவதில்லை. ஒருவர் மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் அவருடைய அட்டை இரண்டு மாதத்துக்கு முன்பே காலாவதியாகிவிட்டது என்று குடும்பத்துக்குத் தெரிந்தது. முடியும் தேதியை, வீட்டில் கேஸ் புக் செய்யும் நாளைக் குறித்துவைக்கும் அதே காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியவர்கள் ஆண்டுதோறும் ஆயுள் சான்று தர வேண்டும். தவறினால் பணம் நின்றுவிடும்.

எந்த அலுவலகத்திலும் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் தாளைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். "அப்புறம் வாங்க" என்ற பதில் இரண்டாம் முறை வந்தால் 1100 என்ற முதலமைச்சர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதிலும் அசையவில்லையென்றால், பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், என் விண்ணப்பம் எந்தத் தேதியில் யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். கேட்ட சில நாளிலேயே விண்ணப்பம் நகரத் தொடங்குவதையும் கண்டிருக்கிறேன்.

சம்பளம் பற்றி ஒரு சொல். 2018இல் தமிழக அரசு வீட்டு வேலைக்கு மணிக்கு 37 முதல் 39 ரூபாய் வரை குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. அதற்கும் கீழே யாராவது தந்தால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். வேலை செய்யும் வீட்டில் பாலியல் தொல்லை நேர்ந்தால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த வீடும் பணியிடமே. ஏஜென்சி வழியாக வந்தவர் என்றாலும் உரிமை மாறாது. மூன்று மாதத்துக்குள் மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவுக்கு எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். உடனடி உதவிக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்.

கடைசியாக, அட்டை கைக்கு வந்ததும் வாரிசுதாரர் பெயரைப் பாருங்கள். என்றோ விட்டுப்போன கணவரின் பெயரும், இறந்துபோன தாயின் பெயரும் அந்த இடத்தில் அப்படியே இருக்க, பணம் கேட்டு வந்த மகள் வாரிசுச் சான்றுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன். மந்தைவெளி அம்மாவுக்கு ஆறாம் மாதம் அட்டை வந்தது. அன்றே மகளின் பெயரை எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குத் திரும்பினார்.