வயல் வாத்துக்கு வராத நோய் வீட்டு வாத்துக்கு ஏன் வருகிறது?

கோடை விடுமுறை தொடங்கிய இரண்டாவது வாரத்திலிருந்து என் கால்நடை மருத்துவமனைக்குச் செருப்புப் பெட்டிகள் வரத் தொடங்கும். மூடியில் பேனாவால் குத்திய நான்கைந்து துளைகள் இருக்கும். உள்ளே பழைய துணியின்மேல் ஒரு வாத்துக்குஞ்சு உட்கார்ந்திருக்கும். ஒரு மே மாதத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன் தந்தையுடன் அப்படி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். சந்தையில் வாங்கி மூன்று வாரம் ஆகிறது, நன்றாகத் தின்கிறது, ஆனால் இரண்டு நாளாக நடக்க மறுக்கிறது என்றார் தந்தை. குஞ்சை மேசையின்மேல் விரித்த சாக்கில் விட்டேன். தீவனத்தைக் கண்டதும் பாய்ந்து வர முயன்றது. பாதத்தை ஊன்றி எழாமல், கணுக்கால் மூட்டைத் தரையில் பதித்து, சிறகை உதறித் தவழ்ந்தபடியே வந்தது. விரலால் தடவிப் பார்த்ததில் இரண்டு கணுக்கால் மூட்டுகளும் வீங்கியிருந்தன, கால் எலும்பு வில்போல் வெளிப்புறம் வளையத் தொடங்கியிருந்தது. இதுவரை என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். சோறு, பொரி, அவ்வப்போது பால் பிஸ்கட் என்றாள் சிறுமி.

அந்தக் குஞ்சுக்கு வந்தது நியாசின் என்னும் பி வகை வைட்டமின் குறைபாடு. வீட்டு வாத்துக்குஞ்சுகளில் நான் அதிகம் பார்ப்பதும், எளிதில் தவிர்த்திருக்கக் கூடியதுமான பாதிப்பு இதுதான். கோழிக்குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 27 முதல் 35 மில்லிகிராம் நியாசின் இருந்தால் போதும். வாத்துக்குஞ்சுக்கோ சுமார் 55 மில்லிகிராம் வேண்டும். தீவனத்திலுள்ள டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து நியாசினை உடலுக்குள்ளேயே தயாரித்துக்கொள்ளும் திறன் வாத்துக்குக் குறைவு. அதே சமயம் அதன் வளர்ச்சி மிக வேகமானது. நல்ல தீவனம் கிடைத்த வெள்ளை பெக்கின் வகை வாத்தின் குஞ்சு எட்டு வாரத்துக்குள் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். உடல் எடை கூடிக்கொண்டே போக, அதைத் தாங்க வேண்டிய கால் பின்தங்கிவிடுகிறது. தீட்டிய அரிசிச் சோறும் பொரியும் பிஸ்கட்டும் வயிற்றை நிரப்புமே தவிர, இந்தத் தேவையில் சிறு பங்கைக்கூட ஈடுசெய்வதில்லை.

இதில் எனக்கும் ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், வாத்துக்குஞ்சுக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டவர்களிடம் கோழிக்குஞ்சுத் தீவனமே போதும் என்று யோசிக்காமல் சொல்லிவந்தேன். அப்படிச் சொல்லி அனுப்பிய ஒருவர் ஆறு வாரம் கழித்துத் தம் வாத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு கால் முற்றிலும் திரும்பிவிட்டிருந்தது. எலும்பு வளைந்து இறுகியபின் எந்த மருந்தாலும் அதை நிமிர்த்த முடியாது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நான் சொன்னதைத்தான் அவர் செய்திருந்தார்.

ஆரணி, போளூர்ப் பக்கம் வாழ்பவர்கள் அறுவடை முடிந்த வயல்களில் நூற்றுக்கணக்கில் மேயும் வாத்துக் கூட்டங்களைப் பார்த்திருப்பார்கள். சன்னியாசி, கீரி என்று வழங்கும் நம் நாட்டு வகைகளை, நீண்ட கழியுடன் இரண்டு மூன்று பேர் ஊர் ஊராக ஓட்டிச் செல்வார்கள். இந்த மேய்ப்பர்கள் நியாசின் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அவர்களுடைய வாத்துகள் இப்படிக் கால் வளைந்து நான் பார்த்ததில்லை. சிந்திய நெல்லோடு நத்தை, மண்புழு, பூச்சி, சிறுமீன் என்று வயல் தருவதெல்லாம் அவற்றின் தீவனத்தில் சேர்ந்துவிடுகிறது. மிதிக்கச் சேறும், அலகை முக்க வாய்க்கால் நீரும், அடைந்து படுக்கக் கூட்டமும் கிடைக்கின்றன. வீட்டுக்குக் கொண்டுவரும்போது நாம் இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பதிலுக்குப் பாசத்தை மட்டும் தருகிறோம். என் மேசைக்கு வரும் வாத்து நோய்களில் பெரும்பாலானவை, வயல் தந்த ஏதோ ஒன்று வீட்டில் இல்லாமற்போனதால் வந்தவையே.

ஆகவே தீவனத்திலிருந்து தொடங்கலாம். வாத்துக்கென்றே தயாரித்த குஞ்சுத் தீவனம் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காத ஊர்களில் மருந்து கலக்காத கோழிக்குஞ்சுத் தீவனத்தைக் கேட்டு வாங்கி, அதோடு நியாசின் மிகுந்த ப்ரூயர்ஸ் ஈஸ்ட் தூளையோ, மருத்துவர் சொல்லும் அளவில் பி காம்ப்ளெக்ஸ் மருந்தையோ சேர்க்க வேண்டும். அவித்த பட்டாணி, வேகவைத்த சிறுமீன், நறுக்கிய கீரை, அசோலா என்னும் நீர்ப் பெரணி ஆகியவை நல்ல துணைத் தீவனங்கள். உலர்ந்த தீவனத்தை வாத்து எளிதில் விழுங்காது என்பதால் லேசாக நீர் தெளித்துப் பிசைந்து வைப்பது வழக்கம். அப்படிப் பிசைந்ததை நம் வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் விட்டுவைத்தால் புளித்துப்போகும், மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். மேலே சொன்ன சிறுமியின் குஞ்சு சரியான நேரத்தில் வந்தது. மூன்றாம் நாள் எழுந்து நின்றது, இரண்டு வாரத்தில் சிறிய தாங்கலோடு ஓடியது.

பிண்ணாக்கைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. வாத்துக்குஞ்சுகளும் சேர்ந்து மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்திருந்த பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்று இன்று நாம் அழைப்பது அதைத்தான். அந்த நஞ்சுக்கு வாத்துக்குஞ்சு எவ்வளவு எளிதில் இரையாகும் என்றால், தீவன மாதிரியில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க ஆய்வகங்களில் ஒரு நாள் வயதுக் குஞ்சுகளையே பயன்படுத்தினார்கள். கோழி தாங்கிக்கொள்ளும் அளவு வாத்தைக் கொன்றுவிடும். மாட்டுக்கு வாங்கி மழையில் நனைந்த கடலைப் பிண்ணாக்கை வீணாக்க வேண்டாமென்று வாத்துகளுக்குப் போட்ட வீடு ஒன்றில், எட்டுக் குஞ்சுகளில் ஐந்து ஒரே வாரத்தில் இறந்தன. இறந்த ஒன்றை அறுத்துப் பார்த்தபோது ஈரல் வீங்கி வெளிறியிருந்தது. கட்டி தட்டிய மக்காச்சோளம், முடைநாற்றம் வீசும் பிண்ணாக்கு, பூசணம் பிடித்த ரொட்டி ஆகியவற்றைக் காயவைத்தாலும் வேகவைத்தாலும் நஞ்சு போகாது. என் வீட்டில் வாத்து இருந்தால் கடலைப் பிண்ணாக்குப் பக்கமே போகமாட்டேன்.

அடுத்தது தண்ணீர். இங்கே ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு தவறுகள் நடக்கின்றன. வாத்து என்றாலே நீந்தும் என்று நினைத்து, வாங்கி வந்த அன்றே குஞ்சை வாளியிலோ டப்பிலோ விட்டு வீடியோ எடுக்கிறார்கள். தாயோடு திரியும் குஞ்சு நீரில் இறங்கினாலும், வெளியே வந்ததும் தாயின் வயிற்றுக்கடியில் புகுந்து உலர்ந்து சூடேறிக்கொள்ளும். சந்தையிலிருந்து வந்த குஞ்சுக்கு அந்த வயிறு இல்லை. மழமழவென்ற டப்பின் சுவரில் ஏறி வெளியே வரவும் வழியில்லை. ஊறி நனைந்து, குளிரில் விறைத்துப்போய் வரும் குஞ்சுகளை வெயில் கொளுத்தும் மே மாதத்திலும் பார்க்கிறேன். துணியால் துடைத்து, விளக்கின் அடியில் வைத்துச் சூடேற்றுவதற்குள் சில போய்விடுகின்றன. முதல் வாரத்தில் குஞ்சு இருக்கும் இடத்தின் வெப்பம் ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொள்ளலாம். குஞ்சுகள் விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர்கிறது, சுவரோரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். தெர்மாமீட்டரைவிட இது நம்பகமானது. இறகு முழுவதும் முளைத்து, வாலடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியில் அலகைத் தேய்த்து இறகெல்லாம் பூசிக்கொள்ளப் பழகும்வரை, நீச்சலை நீங்கள் அருகில் இருக்கும் சில நிமிடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எதிர்த்தவறு, வளர்ந்த வாத்துக்குக் கோழிக்கு வைப்பதுபோல் ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைப்பது. வாத்து நீரில் தலையை முக்கித்தான் கண்ணையும் மூக்குத் துளையையும் கழுவிக்கொள்கிறது. அதற்கு வழியில்லாத வாத்துக்குக் கண்ணில் பீளை கட்டும், மூக்குத் துளை அடைபடும். அதைச் சளி என்று எண்ணிக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துவிட்டு என்னிடம் வருகிறார்கள். ஐந்தாறு அங்குல ஆழமுள்ள பாத்திரம் ஒன்றே பல கண் நோய்களைத் தடுத்துவிடும். குளம் வெட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. குழந்தைகள் குளிக்கும் அளவுள்ள தொட்டி, ஏறி இறங்க இரண்டு செங்கல், தினமும் தண்ணீர் மாற்றும் பொறுமை ஆகியவை போதும். மாற்றும் நீரை வாழைக்கு விடலாம், நல்ல உரம். மாற்றாமல் விட்ட தேக்க நீரில் ஒரு எலி செத்து அழுகினாலும், அதில் பெருகும் நஞ்சால் வாத்தின் கழுத்து துவண்டுபோகும். போட்டுலிசம் எனப்படும் அந்நோயில் தலையைத் தூக்க முடியாமல், ஆழமில்லாத நீரிலேயே மூழ்கி இறந்த வாத்துகள் உண்டு.

நகர வீடுகளில் மொட்டை மாடியிலும் சிமென்ட் முற்றத்திலும் வளரும் வாத்துகளுக்கு உள்ளங்காலில் வெடிப்பு விழுந்து, அதில் கிருமி புகுந்து, நடுவில் கறுத்த பொருக்குடன் கொப்புளம்போல் வீங்கும். வெளியே பட்டாணி அளவு தெரிந்தாலும், உள்ளே கெட்டிப்பட்ட சீழ் எலும்புவரை போயிருக்கும். வாரம் ஒருமுறை பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். தரையில் மண்ணோ நெல் உமியோ நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்பி, நனைந்ததை அகற்றிவிடுங்கள். குஞ்சுகளுக்குச் செய்தித்தாள் வேண்டாம். கால் வழுக்கி இருபுறமும் பிளந்துவிடும், சாக்கு நல்லது. இரவில் நாய், கீரி, பெருச்சாளி நுழையாத அடைப்பில், ஒரு வாத்துக்கு மூன்று நான்கு சதுர அடியாவது இருக்கட்டும். தூக்கும்போது காலைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள், இரண்டு சிறகையும் உடலோடு அணைத்துத் தூக்குங்கள்.

ஒற்றை வாத்து வளர்க்காதீர்கள். குறைந்தது இரண்டு வேண்டும், இரண்டும் பெட்டையாக இருந்தால் நல்லது. ஒரே பெட்டையோடு இரண்டு ஆண்களை விட்டால், ஓயாத இணைசேர்க்கையில் பெட்டையின் கழுத்து இறகு உதிர்ந்து புண்ணாகிவிடும். ஓர் ஆணுக்கு ஐந்தாறு பெட்டை என்பதே பண்ணைக் கணக்கு. வால்மேல் சுருண்டு நிற்கும் இறகு ஆணின் அடையாளம் என்றாலும் அது வளர இரண்டு மாதத்துக்கு மேலாகும். அதற்கு முன்பே குரல் காட்டிக்கொடுத்துவிடும்: ஊரைக் கூட்டுவது பெட்டை, தொண்டை கட்டியதுபோல் முனகுவது ஆண். மணிலா வாத்து எனப்படும் தனி இனத்துக்கு இந்த இரண்டு அடையாளமும் பொருந்தாது.

வளர்ப்பவர்களின் நலமும் இதில் அடங்கும். பார்வைக்கு நலமாக இருக்கும் வாத்தின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் வாத்தை முத்தமிடுவதையும், வாத்தைச் சமையலறையில் உலவவிடுவதையும் நிறுத்துங்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், வாத்து முட்டையை மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவைக்க வேண்டும். பறவைக் காய்ச்சலையும் மறந்துவிட முடியாது. கேரளத்தின் ஆலப்புழைப் பகுதியில் 2014, 2021, 2024 ஆண்டுகளில் வாத்துக் கூட்டங்களில் அது பரவியது. நோய்க்குறி எதுவும் காட்டாமலே வாத்து அந்த வைரசைப் பரப்பக்கூடும். ஒரே நாளில் பல பறவைகள் இறந்தால் தொடாமலும் புதைக்காமலும் கால்நடை பராமரிப்புத் துறைக்குத் தெரிவியுங்கள். பறவைகளைக் கொன்றுவிடுவார்களோ என்ற அச்சத்தில் மறைத்தவர்களை நான் அறிவேன், அந்த அச்சம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனாலும் மறைப்பது அண்டை வீட்டுக் குழந்தையைப் பணயம் வைப்பதாகும். வாத்துப் பிளேக், வாத்துக் காலரா தடுப்பூசிகளைப் பற்றி அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

கண்மாயில் பிடித்ததாகச் சொல்லிக் காட்டு வாத்துக் குஞ்சுகளைச் சிலர் விற்கிறார்கள். அவை பெரும்பாலும் சீழ்க்கைச் சிறகியின் குஞ்சுகள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

நன்றாக வளர்த்தால் வாத்து எட்டுப் பத்து ஆண்டுகள் வாழும். பள்ளி திறந்த ஜூனில் சலித்துப்போய், குளத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அன்றிரவே தெருநாய் பிடித்துவிடுகிறது. இனி வைத்துக்கொள்ள முடியாது என்று ஒருவர் என்னிடம் ஒப்படைத்த இரண்டு பெட்டைகளை, சென்ற அறுவடைக் காலத்தில் எங்கள் ஊர் ஏரிக்கரையில் தங்கியிருந்த மேய்ப்பர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் எடையையோ முட்டையையோ கேட்கவில்லை. ஒன்றைத் தூக்கிப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார், பெருவிரலால் நடுவில் அழுத்தினார். “சிமெண்டுத் தரையில வளந்ததுங்களா டாக்டரே? ரெண்டு நாள் சேத்துல தடுமாறும், அப்புறம் கூட்டத்தோட போயிடும்” என்று சொல்லி, கீழே விட்டார்.