பொய்ப்பல் தட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது?

"பல்லெல்லாம் போயிற்று, இனிப் பல் வைத்தியரிடம் என்ன வேலை?" வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ முழு செட் கட்டிய வயதானவர்களிடம் கிளினிக்குக்குப் போகச் சொன்னால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். சூத்தையும் பல்வலியும் போனது உண்மைதான். ஆனால் மேல் செட்டைக் கழற்றச் சொல்லி, ரோச் லைற் பிடித்து மேலண்ணத்தைப் பாருங்கள். பலருக்குத் தட்டு மூடியிருந்த இடம் முழுக்கச் சிவந்திருக்கும். தட்டின் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கேயே சிவப்பும் முடியும். வலி இராது; எரிவுகூடச் சிலருக்குத்தான். அதனாலேயே வருடக்கணக்கில் யாரும் கவனிக்காமல் கிடக்கிறது.

இந்த அழற்சிக்குக் காரணம் தட்டு வாயில் நிற்கும் விதத்திலேயே இருக்கிறது. மேல் செட்டைப் பிடித்துவைத்திருப்பது பசையல்ல, தட்டுக்கும் அண்ணத்துக்கும் இடையிலுள்ள மெல்லிய உமிழ்நீர்ப் படலம். இரண்டு கண்ணாடித் துண்டுகளை நனைத்து ஒட்டினால் இலகுவில் பிரியாதல்லவா, அதே சங்கதிதான். தட்டு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறதோ அவ்வளவுக்கு அந்தப் படலம் மெல்லியதாக இருக்கும், அவ்வளவுக்கு அது அசையாமலும் நிற்கும். வாயின் மற்ற இடங்களை உமிழ்நீர் ஓயாமல் கழுவுகிறது, நாக்கு துடைக்கிறது. தட்டுக்கு அடியில் இரண்டுமில்லை. அங்கே ஒட்சிசன் குறைவு, அமிலத்தன்மை கூட, உடலின் சூடும் ஈரமும் தாராளம். கன்டிடா அல்பிக்கன்ஸ் என்ற பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? அது வெளியிலிருந்து வந்த கிருமியல்ல; ஆரோக்கியமான பலரின் வாயிலும் சும்மா இருப்பதுதான். இடம் வாய்த்ததும் பெருகுகிறது.

தட்டு செய்யப்படும் அக்ரிலிக்கும் அதற்கு ஒத்தாசை செய்கிறது. பொலிமீதைல் மெதாக்ரிலேற்று என்ற இந்தப் பிளாஸ்ரிக் தன் நிறையில் சுமார் 2 வீதம் நீரை உறிஞ்சும். வெளிப்பக்கத்தைப் பளபளப்பாகத் தீட்டுவார்கள். உள்பக்கத்தைத் தீட்ட முடியாது, தீட்டினால் அண்ணத்தோடு பொருந்தாது. சொரசொரப்பு 0.2 மைக்ரோமீற்றரைத் தாண்டினால் கிருமிகள் அதிகம் ஒட்டத் தொடங்கும் என்பது பல் மருத்துவத்தில் வழக்கமான அளவுகோல். தீட்டாத உள்பக்கம் அந்த அளவைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஆகவே பூஞ்சையின் பெரும்பகுதி குடியிருப்பது அண்ணத்தில் அல்ல, தட்டில். பாமசியில் ஜெல் வாங்கி அண்ணத்தில் மட்டும் பூசுகிறவர்களுக்கு சிவப்பு திரும்ப வருவது இதனால்தான்.

சுத்தம் செய்வதில் நம் வீடுகளில் நடக்கும் பிழைகளில் முதலாவது பற்பசை. அதிலுள்ள உராய்பொருள் இயற்கைப் பல்லின் மேலோடான மிளிரிக்குப் பொறுக்கும். அதைவிட மிக மென்மையான அக்ரிலிக்கில் கீறல் போடும், கீறலுக்குள் பூஞ்சை இறங்கும். பல்பொடியும் கரியும் இன்னும் மோசம். கைகழுவும் சாதாரணத் திரவ சவர்க்காரம் அல்லது பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி, மென்மையான பிரஷ், பச்சைத் தண்ணீர், இவ்வளவும் போதும். உள்பக்கத்தைத்தான் கூடுதலாகத் தேய்க்க வேண்டும்; பெரும்பாலானோர் கண்ணுக்குத் தெரியும் பல் வரிசையைத் தேய்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பேசினில் கொஞ்சம் தண்ணீர் நிரப்பியோ துவாய் விரித்தோ அதன் மேல் வைத்துக் கழுவினால், கைதவறி விழுந்தாலும் உடையாது.

இரண்டாவது கொதிநீர். கிருமி சாகட்டும் என்று கேத்தல் தண்ணீரை ஊற்றினால் அக்ரிலிக் இளகி வடிவம் மாறும். அரை மில்லிமீற்றர் கோணினாலும் முன்சொன்ன உமிழ்நீர்ப் படலம் அறுந்து தட்டு ஆடத் தொடங்கும். வெயிலில் காயவைப்பதும் கூடாது. உறிஞ்சிய நீர் போனால் தட்டு சுருங்கும். கழற்றிய தட்டு எப்போதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும், அந்த நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும்.

பூஞ்சையைக் கொல்ல மலிவான வழி ஐதான பிளீச். வாசனை சேர்க்காத, 5 வீத சோடியம் ஹைப்போகுளோரைற் கரைசல் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். ஊறவைப்பது 10 நிமிடத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால் நிறம் வெளிறும். பிறகு நன்றாக அலசாமல் வாயில் போடக்கூடாது. உலோகக் கம்பியோ உலோகச் சட்டமோ உள்ள தட்டுக்கு இது ஆகாது, அரித்துவிடும். அதற்குக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி இருக்கிறது. நுரைக்கும் குளிசைகளும் பரவாயில்லை, ஆனால் பிரஷ்ஷின் வேலையை அவை செய்யா.

இத்தனையிலும் பெரிய பலன் தருவது காசு செலவில்லாத ஒன்று: இரவில் கழற்றிவைப்பது. அண்ணத்துக்கு ஆறேழு மணி நேரம் உமிழ்நீரும் காற்றும் கிடைத்தாலே பலரின் சிவப்பு குறையத் தொடங்கும். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு வெகுவாகக் குறைவதால், அந்நேரம் தட்டை வாயில் விட்டுவைப்பது பகலில் விடுவதைவிடக் கெடுதல். ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து 2015இல் வெளியான ஆய்வில், பொய்ப்பல்லோடு தூங்குபவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. தட்டிலுள்ள கிருமி எச்சிலோடு சேர்ந்து தூக்கத்தில் நுரையீரலுக்குள் இறங்குவதே காரணம் என்று கருதப்படுகிறது. "பல்லில்லாத வாயோடு படுக்க வெட்கமாயிருக்கு" என்பவர்களை வற்புறுத்துவது கடினம்தான். பகலில் இரண்டு மூன்று மணி நேரமாவது கழற்றட்டும்.

நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், ஆஸ்துமா பம்ப் பாவிப்பவர்கள், வாயை உலர்த்தும் குளிசை எடுப்பவர்கள் ஆகியோருக்குப் பூஞ்சை இன்னும் எளிதில் பிடிக்கும். பம்ப் அடித்தபின் தட்டைக் கழற்றி வாய் கொப்புளிக்க வேண்டும். மருந்திலும் இரண்டு சிக்கல்கள்: குளோர்ஹெக்சிடின் கொண்டு கொப்புளித்த கையோடு நிஸ்டாட்டின் என்ற பூஞ்சை மருந்து விட்டால் நிஸ்டாட்டின் வேலை செய்யாது, இடையில் அரை மணி நேரமாவது வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோர்பரின் குடிப்பவர்கள், பூஞ்சைக்கான மைக்கோனசோல் ஜெல் பூசினால் இரத்தம் உறையாமல் போகும் ஆபத்துண்டு. பாமசியில் கேட்காமலே தந்துவிடுவார்கள், நாம்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது எலும்பு. பல் பிடுங்கிய இடத்து எலும்பு, தாங்குவதற்கு வேர் இல்லாததால் கரைகிறது. முதல் வருடத்தில் வேகமாக, பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல். 1972இல் வெளியான ரால்கிறென் என்ற ஆய்வாளரின் 25 வருட ஆய்வில் கீழ்த்தாடை எலும்பின் உயரம் மேல்தாடையைவிட நான்கு மடங்கு கூடுதலாகக் குறைந்திருந்தது. கீழ் செட் நிற்கும் பரப்பும் மேல் செட்டின் பாதியளவுதான். கீழ் செட் ஆடுகிறது என்று எல்லோரும் குறைப்படுவது இதனால்தான். கட்டியவரின் பிழை அல்ல. தாடை மாறுகிறது, தட்டு மாறுவதில்லை. ஆடும் விளிம்பு உரசிய இடத்தில் முரசு மடிப்பு மடிப்பாகத் தடிக்கும். தேய்ந்த பற்களால் முகத்தின் உயரம் குறைந்து கடைவாயோரம் மடிந்து, அங்கே எச்சில் தேங்கிப் புண்ணாகும். ஒட்டுப் பசையைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. தட்டின் உள்பக்கத்துக்குப் புது அக்ரிலிக் படலம் போட்டுப் பொருத்த முடியும். ஐந்தாறு வருடமானால் புதிய செட்டே நல்லது. வீட்டில் அரத்தால் அராவுவதும் சுப்பர் குளூவால் ஒட்டுவதும் மிச்சமிருக்கும் பொருத்தத்தையும் கெடுத்துவிடும்.

வெற்றிலை போடுபவர்களின் விஷயம் தனி. பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள். இலங்கை ஆண்களில் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. தட்டு உரசிய புண் என்று நினைத்துப் பலர் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். சோதிக்க வழி சுலபம்: தட்டைக் கழற்றி வைத்தும் இரண்டு வாரத்தில் ஆறாத புண், வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, மாறாத சிவப்பு, முன்பு போன தட்டு வாய் திறக்க முடியாமல் இப்போது போகாதது, இவற்றில் எதுவானாலும் கொழும்பு வோட் பிளேஸிலுள்ள தேசிய பல் வைத்தியசாலைக்கோ பக்கத்து அரச பல் கிளினிக்குக்கோ போய்க் காட்ட வேண்டும்.

ஓரிரண்டு பல்லுக்கு மட்டும் தட்டுப் போட்டவர்களுக்கும் இரவில் கழற்றும் விதி பொருந்தும். கம்பி பிடிக்கும் பக்கத்துப் பல்லின் வேரோரத்தில் சூத்தை விழும். அந்தப் பல்லைத்தான் அதிகம் துலக்க வேண்டும். சின்னத் தட்டு தூக்கத்தில் தொண்டைக்குள் இறங்கியும் விடும். சாதாரண அக்ரிலிக் எக்ஸ்றேயில் தெரியாது. காலையில் தட்டைக் காணவில்லை, விழுங்கச் சிரமம், தொண்டையில் ஏதோ குத்துகிறது என்றால் வைத்தியசாலையில் முதலில் சொல்ல வேண்டியது தட்டுக் காணாமல் போனதை. எக்ஸ்றேயில் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினால், கமரா விட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.