கிசான் பணம் பாஸ்புக்கைத் தேடி வருவதில்லை

திங்கட்கிழமை பேங்க் கிளையைத் திறக்கும் முன்பே ஒரு பெரியவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கையில் மஞ்சள் பை, அதற்குள் உரக்கடை பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பாஸ்புக்.

"நாலு தவணையா ரெண்டாயிரம் வரலீங்க சார். ஊர்ல எல்லாருக்கும் வந்துடுச்சு. நீங்கதான் நிறுத்தி வெச்சிருக்கீங்களாம்."

யார் சொன்னது என்று கேட்கவில்லை. டீக்கடைதான், வேறு யார்? கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கிராமக் கிளை எங்களுடையது. இந்த மாதம் இதே புகாரோடு வந்தவர்களில் இவர் ஏழாவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனால் மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் இந்த பி.எம். கிசான் பணம் ஆதாரைப் பிடித்துக்கொண்டு வருகிறது. பாஸ்புக்கில் இருக்கும் கணக்கு எண்ணைப் பார்த்து அல்ல. உங்கள் ஆதாருக்கு நேரே என்.பி.சி.ஐ. (பேங்குகளுக்கு இடையே பணம் போக வழி செய்யும் தேசிய நிறுவனம்) பட்டியலில் எந்த பேங்க் பெயர் இருக்கிறதோ, பணம் அங்கே போய்விடும். ஒரு ஆதாருக்கு ஒரே பேங்க்தான். கடைசியாக எங்கே சம்மதம் கொடுத்தீர்களோ, அது.

"ஆதாரெல்லாம் அன்னிக்கே கொடுத்துட்டேனே சார்." இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லியே என் தொண்டை வறண்டுவிட்டது. கணக்கு தொடங்கும்போது கொடுத்த ஜெராக்ஸ், நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரிவதற்கு. மானியம் இந்தக் கணக்குக்கே வரட்டும் என்று கையெழுத்துப் போட்டுத் தரும் படிவம் வேறு. பத்து ஜெராக்ஸ் கொடுத்தாலும் அந்த ஒரு படிவம் ஆகாது.

பெரியவரிடம் கேட்டேன்: "புது சிம் ஏதாவது வாங்கினீங்களா?"

"ஆமா, கரும்பு வெட்டு சமயம். கடைப் பையன் ரெண்டு தரம் விரல் வைக்கச் சொன்னான்."

முதல் விரல் சிம்முக்கு. இரண்டாவது, அவருக்கே தெரியாமல் போனிலேயே திறந்த ஒரு புது பேங்க் கணக்குக்கு. அதோடு மானியத்துக்கான சம்மதமும் அங்கே மாறிவிட்டது. 8,000 ரூபாயும் அங்கே பத்திரமாகக் கிடந்தது. இவரோ உரத்துக்குக் கைமாற்று வாங்கி வட்டி கட்டிக்கொண்டிருந்தார். புதிய கூத்தும் இல்லை இது. 2017-இலேயே லட்சக்கணக்கானோரின் சிலிண்டர் மானியம் இப்படித்தான் தடம் மாறிப் போனது.

எல்லாத் தடையும் இதனால் வருவதில்லை. இ-கேஒய்சி, அதாவது ஆதாரை வைத்து நீங்கள்தான் என்று உறுதி செய்வது, முடிக்காவிட்டாலும் நிற்கும்; நில விவரம் பொருந்தாவிட்டாலும் நிற்கும். அதற்கு வேளாண்மை விரிவாக்க மையம் போங்கள். பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் தாலுகா ஆபீஸ். எங்களிடம் நீட்டினால் அந்தப் பட்டாவால் விசிறிக்கொள்ளத்தான் முடியும்.

"நான் வாங்கித் தரேன்" என்று வருபவனிடம் ஆதாரைக் கொடுக்காதீர்கள். 2020-இல் நம் மாவட்டத்திலும் கடலூர், விழுப்புரம் பக்கமும் நடந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? தமிழ்நாட்டில் தகுதியில்லாத 5 லட்சம் பேருக்கு மேல் பட்டியலில் ஏற்றி, சுமார் 110 கோடி ரூபாய் போனது. அரசு திருப்பி எடுத்தபோது, கமிஷன் வாங்கியவன் கணக்கிலிருந்தா எடுத்தது? பெயர் கொடுத்தவர் கணக்கிலிருந்துதான்.

வாட்ஸ்அப்பில் 'பிஎம் கிசான்' என்று பெயர் போட்டு ஏபிகே ஃபைல் (தொட்டால் போனில் ஆப்பை ஏற்றிவிடும் ஃபைல்) வந்தால் தொடவே தொடாதீர்கள். தொட்டுப் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள். மறுநாள் பேங்க் திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் எங்களுக்கும் வேளாண்மை அலுவலருக்கும் சொல்லிவிடுங்கள். அம்மா போய் இரண்டு வருடம் ஆகியும் ஏடிஎம் கார்டில் எடுத்துக்கொண்டே இருந்துவிட்டு, திருப்பிக் கட்டச் சொல்லும்போது அழுதால் நாங்கள் என்ன செய்ய முடியும்?

சந்தேகம் இருப்பவர்கள் வாருங்கள், இரண்டு நிமிட வேலை. பாஸ்புக்கோடு ஆதாரும், ஆதாரில் பதிந்த நம்பர் உள்ள போனும் வேண்டும். போன் மகனிடம் சென்னையில் இருக்கிறது என்றால் மகன் வந்த பிறகு வாருங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்.