வீட்டுப் பிரமாணங்களும் நம்மூர் ஈரமும்

குமரி மாவட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் தென்மேற்குச் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. நடுவே வெயில் அடித்தாலும் கடற்காற்றின் ஈரம் வீட்டை விட்டுப் போவதில்லை. காகிதம் அந்த ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். திருடனும் தொடாமல், தீயும் பிடிக்காமல், பூட்டிய பீரோவுக்குள்ளேயே பிரமாணங்கள் (சொத்துப் பத்திரங்கள்) பூசணம் பூத்து ஒட்டிப்போவது இதனால்தான்.

காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் காகிதத்தில் பூசணம் வளரத் தொடங்கும். மழைக்காலத்தில் நம் வீடுகளுக்குள் 80 சதவீதம் சாதாரணம். அப்போது ஒரு கிலோ காகிதத்துக்குள் ஏறக்குறைய 100 கிராம் தண்ணீர் இருக்கும். கைக்குத் தெரியாது, ஆனால் இருக்கும். இந்த நிலையில் பிரமாணத்தை பாலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டினால் ஈரத்தையும் சேர்த்தே கட்டுகிறோம். பலரும் நல்லதென்று நினைத்துச் செய்யும் தவறு இது.

செய்ய வேண்டியது: மாசி, பங்குனியில் நல்ல வெயில் நாளாகப் பார்த்து எல்லா ஆவணங்களையும் வெளியே எடுங்கள். வெயிலில் அல்ல, காற்றோட்டமான அறையின் நிழலில் ஒரு முழுப் பகல் பரப்பி வையுங்கள். மதியம் மூன்று மணி வாக்கில், காற்று காய்ந்திருக்கும்போதே, மூடியில் ரப்பர் வளையம் உள்ள காற்றுப்புகாத டப்பாவில் அடுக்கி மூடுங்கள். பத்து லிட்டர் டப்பாவுக்கு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் 100 கிராம் போதும். துணிப்பையில் கட்டி ஒரு மூலையில் வைக்க வேண்டும், காகிதத்தின் மேல் கொட்டக் கூடாது. நிறம் மாறும் வகையை வாங்குங்கள். ஆரஞ்சு நிற மணிகள் பச்சையானால் அவற்றின் வேலை முடிந்தது என்று பொருள். மின்சார ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பழைய நிறத்துக்கு வரும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது; குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை டப்பாவுக்குள் போட்டு வைத்தால் ஊகிக்க வேண்டியதில்லை. 60-க்குக் கீழே காட்டினால் சரி.

அந்துருண்டை பூச்சியைத்தான் விரட்டும், ஈரத்தை எடுக்காது. பச்சை வேப்பிலை வைப்பது ஈரத்தைக் கூட்டும்.

அடுத்தது உறை. கடையில் கிடைக்கும் மெத்தென்ற, ரெக்சின் வாடை அடிக்கும் பிவிசி ஃபைல்கள் ஆவணத்துக்கு ஆகாது. அந்தப் பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கும் பொருள் மெல்லக் கசிந்து, லேசர் பிரின்டரின் மையை இளக்கும். சில ஆண்டுகள் கழித்து உருவும்போது எழுத்து உறையோடு வந்துவிடும். பாலிப்ரொப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள்; விலையில் பெரிய வித்தியாசமில்லை. குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கடலோர உப்புக் காற்றில் பின் சீக்கிரம் துருவேறி, துளையைச் சுற்றிக் காகிதத்தைத் தின்றுவிடும். கட்டத்தான் வேண்டுமென்றால் பருத்தி நாடா. மடிப்பில் கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள்; அதன் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும்.

லேமினேஷனைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். சூட்டில் ஒட்டிய படலத்தை ஆவணத்துக்குச் சேதமில்லாமல் பிரிப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். வளைகுடா வேலைக்குச் சான்றிதழ் அட்டஸ்டேஷன் (சான்றொப்பம்) செய்யும்போது முத்திரையும் ஸ்டிக்கரும் வழக்கமாகச் சான்றிதழின் பின்பக்கத்தில்தான் விழும். லேமினேட் செய்ததில் முத்திரை போட முடியாமல் திருப்பிவிடுவார்கள். பல வீடுகளில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் நம் மாவட்டத்தில், பிள்ளையின் பட்டச் சான்றிதழை அன்போடு லேமினேட் செய்வது அவர் விசாவையே தள்ளிப்போடும். பத்திரத்துக்கும் இதேதான்: பின்பக்கத்து பதிவு முத்திரைகளும் கையொப்பங்களும் தொட்டுப் பார்த்துச் சரிபார்க்கும் நிலையில் இருக்க வேண்டும்.

வைக்கும் இடத்தைப் பொறுத்தவரை, சாரல் அடிக்கும் மேற்குப் பக்கத்து வெளிச்சுவர் வேண்டாம். உள் சுவர் பக்கம் வையுங்கள். ஓட்டு வீட்டின் மச்சு வேண்டாம். ஒழுகும், எலியும் வரும். பீரோவின் கீழ்த்தட்டும் வேண்டாம். 2021 நவம்பர் வெள்ளத்தில் மாவட்டத்தின் தாழ்வான பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள். இரும்பு பீரோ என்பதால் சிதல் (கறையான்) வராது என்று இருக்க வேண்டாம். மண்பாதை கட்டி இரும்புக் கால் வழியாகவும் ஏறும். பின்பக்கத்தை ஆண்டுக்கு இரண்டு தடவை விளக்கடித்துப் பாருங்கள். சாதாரண பீரோ தீயையும் தாங்காது; பூஜை விளக்கும் விறகடுப்பும் இருக்கும் அறையில் அதை வைக்காதீர்கள்.

இனி, இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு விஷயம். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால், தாத்தா காலத்துப் பிரமாணங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டு என்னும் மலையாள ஆண்டுக் கணக்கில் இருக்கும். வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இப்போதே தமிழில் தட்டச்சு செய்த ஒரு பெயர்ப்பை எடுத்து மூலத்தோடு வையுங்கள். கொல்லம் ஆண்டோடு, ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824-ம், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள தேதிக்கு 825-ம் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். உறையின் மேல் பழைய சர்வே எண்ணையும் ரீசர்வே (மறு நில அளவை) எண்ணையும் பென்சிலால் குறியுங்கள். இரண்டும் வேறு வேறாக இருப்பதால்தான் பட்டாவையும் பிரமாணத்தையும் பொருத்திப் பார்க்க முடியாமல் பலர் திண்டாடுகிறார்கள்.

எல்லாக் காகிதத்துக்கும் ஒரே காவல் தேவையில்லை. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, ஆதார் எல்லாம் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். மூலப் பத்திரம், உயில், கல்விச் சான்றிதழ்கள்தான் டப்பாவுக்குள் முதலில் போக வேண்டியவை. உயில் இருக்கும் இடம் வீட்டில் இன்னொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் துறைகள் வழங்கிய ஆவணம் மூலத்துக்குச் சமம். நாமே ஸ்கேன் செய்து ஏற்றியது வெறும் படம்தான். ஆனாலும் ஸ்கேன் செய்யுங்கள்: 300 டிபிஐ, இரண்டு பக்கமும். பின்பக்கத்தை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அதோடு ஒரே தாளில் ஒரு பட்டியல்: ஒவ்வொரு பத்திரத்தின் எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம். மூலம் அழிந்தாலும் இந்த மூன்றும் தெரிந்தால் சான்றிட்ட நகல் எடுப்பது எளிது. பட்டியலின் ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கும் அக்காள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ இருக்கட்டும்.

நனைந்தே போனால் உங்களுக்கு இருப்பது சுமார் 48 மணி நேரம். அதன் பிறகு பூசணம். ஒட்டிய தாள்களைப் பிய்க்காதீர்கள். முதலில் அப்படியே படம் எடுங்கள். கடல் தண்ணீரில் நனைந்திருந்தால் உப்பு காகிதத்தில் தங்கி மேலும் மேலும் ஈரம் இழுக்கும். அகலமான தட்டில் நல்ல தண்ணீர் விட்டு மெதுவாக அலச வேண்டும். பால்பாயின்ட் எழுத்தும் லேசர் எழுத்தும் அலசலைத் தாங்கும். பேனா மையும் ரப்பர் ஸ்டாம்பு மையும் கரையும். அவை இருந்தால் தண்ணீரில் போடாதீர்கள். பிறகு கொசுவலையை இழுத்துக் கட்டி அதன் மேல் பரப்பி, மின்விசிறியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்து உலர்த்துங்கள். வெயில், இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் மூன்றும் கூடாது. முக்கால்வாசி காய்ந்ததும் வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்துக் கனம் ஏற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ஒட்டும்.

கட்டுக்கட்டாக நனைந்து, ஒரே நாளில் உலர்த்த முடியாது என்றால் சிறு சிறு கட்டாக பாலித்தீனில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்திருக்கும் வரை பூசணம் வளராது. வாரக்கணக்கில் வைத்து ஒவ்வொரு கட்டாக எடுத்து உலர்த்தலாம். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படியானால் கட்டை ஐஸ் பெட்டியில் வைத்து, மின்சாரம் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.