மலையிறக்கத்தில் அசையாத வேகமுள்

மலையடிவாரத்தில் பட்டறை வைத்திருப்பதால், பிரேக் கருகிய வாடை எனக்குப் பழகிப்போன ஒன்று. சென்ற கோடையில், வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்த ஒரு காரின் முன்சக்கரத்தைக் கழற்றியபோது, சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க் நீலம் பாரித்திருந்தது. அந்தத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பேடின் முகம் கண்ணாடிபோல் வழவழத்துக் கிடந்தது. ஓட்டி வந்தவர், “முப்பதுக்கு மேல போகவே இல்லையே, பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டேதானே வந்தேன்” என்றார். அவர் சொன்னது உண்மைதான். கோளாறும் அதில்தான் இருந்தது.

வேகம் மாறாமல் இருப்பதால் வண்டியின்மீது விசையே இல்லை என்றாகிவிடாது. முன்னே இழுக்கும் விசையும் பின்னே தடுக்கும் விசைகளும் சமமாகி, நிகர விசை சுழியாக இருக்கிறது, அவ்வளவே. 12 மீட்டருக்கு 1 மீட்டர் தாழும் சரிவில், ஆட்களோடு 1,500 கிலோ உள்ள காரைப் புவியீர்ப்பு ஏறத்தாழ 1,225 நியூட்டன் விசையுடன் கீழே இழுக்கிறது. டயரின் உருளல் உராய்வும் காற்றின் தடையும் அந்த வேகத்தில் சிறு பங்கையே தாங்கும். எஞ்சிய 1,000 நியூட்டனை, கியர் போடாமல் நியூட்ரலில் இறங்குபவரின் வண்டியில், பிரேக் மட்டுமே சுமக்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் அது 8 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வெப்பம். அதாவது, எட்டு இஸ்திரிப் பெட்டிகளைச் சக்கரங்களுக்குள் வைத்து இறக்கம் முழுதும் அணைக்காமல் விட்டதற்குச் சமம்.

பேடு மிகையாகச் சூடேறினால் அதன் உராய்வுக் கெழு குறைகிறது. பெடல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் பிடிப்பு இராது. சமநிலை குலைந்து வண்டி வேகமெடுக்க, ஓட்டுநர் இன்னும் அழுத்த, வெப்பம் இன்னும் ஏறும். பெடல் பஞ்சுபோல் தரைவரை இறங்கினால் அது வேறு நோய்: மிதியின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழிவிட்டிருக்கிறது. டாட் 3 என்ற தரத்திலுள்ள புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அது 140 வரை தாழலாம். ஆயிலை மாற்றச் சொன்னால் பலரும் நான் பில்லை ஏற்றப் பார்ப்பதாகவே நினைக்கிறார்கள்.

“ஏறுன கியர்லயே இறங்கு” என்பார்கள் பழைய லாரி ஓட்டுநர்கள். இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால், எஞ்சினின் உள்தடை அந்த 1,000 நியூட்டனில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும். வெப்பமும் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறிவிடும். நியூட்ரலில் எரிபொருள் மிச்சமாகும் என்பதும் இன்றைய வண்டிகளுக்குப் பொருந்தாது. கியரில் இறங்கும்போது அவை எரிபொருளைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களோ பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசையையும் இழக்கிறார்கள்.

வழியில் வாடை வந்தால், அகலமான இடத்தில் ஓரங்கட்டி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரைமணி நேரம் ஆற விடுங்கள். டிஸ்க்கின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விழும்.