லசானியாவின் தண்ணீர்க் கணக்கு

தட்டையான பாஸ்தா ஷீட், சாஸ், சீஸ் என்று மாற்றி மாற்றி அடுக்கிச் சுடும் இத்தாலியப் பண்டம் லசானியா. புதுச்சேரியில் அது இப்போது ஹோட்டலில் மட்டும் சாப்பிடுகிற பண்டம் இல்லை. மேசை மேல் வைக்கும் ஓடிஜி அடுப்பு பல வீடுகளுக்கு வந்துவிட்டது. சீஸ் வேண்டுமென்றால் ஆரோவில் பக்கத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீடே உட்கார்ந்து சாப்பிட ஒரு தட்டு லசானியா போதும். ஆனால் வெட்டி எடுக்கும்போது அடுக்குகள் சரிந்து ஓரத்தில் தண்ணீர் நிற்கும். இல்லையென்றால் ஷீட் வேகாமல் தோல்போல இழுபடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். தண்ணீர் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

தக்காளியில் ஆரம்பிக்கலாம். அதன் எடையில் சுமார் 94 சதவீதம் தண்ணீர், அதாவது ஒரு கிலோவில் 940 கிராம். இத்தாலியில் சாஸுக்கு எடுக்கிற நீளவாக்குத் தக்காளியில் சதை அதிகம். பெரிய மார்க்கெட்டில் நாம் வாங்கும் நாட்டுத் தக்காளியில் சாறும் விதையும் அதிகம். ஆகவே இத்தாலியச் செய்முறையில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாமல், கூடுதலாக வற்றவிட வேண்டும். எதுவரை? நம் சமையலறையிலேயே அதற்கு அளவுகோல் இருக்கிறது: எண்ணெய் பிரியும்வரை. தண்ணீர் தாராளமாக இருக்கும்வரை சாஸின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைச் சுற்றியே நிற்கும். தண்ணீர் குறைந்து, எண்ணெயைத் துளித்துளியாகக் கலந்து வைத்திருக்க முடியாமல் போகும்போதுதான் அது தனியே ஓரம் கட்டும். கொத்துக்கறி சேர்த்தாலும் இதே விதிதான். சூட்டில் இறைச்சியின் புரதம் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து தள்ளும். அந்தத் தண்ணீர் அடுப்பிலேயே வற்றிவிட வேண்டும்.

அதற்காகச் சட்டினி மாதிரி சுண்டவிடவும் கூடாது. காய்ந்த ஷீட் கடினக் கோதுமை ரவையில் செய்தது. வெந்தபின் அதன் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 250 கிராம் ஷீட்டை வேகவைக்காமல் அப்படியே அடுக்கினால், சுமார் 250 மில்லி தண்ணீரை அது சாஸிலிருந்துதான் குடிக்க வேண்டும். 60 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே இருக்கும் மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரை இழுத்து ஊதத் தொடங்கும். கோதுமைப் புரதமான குளூட்டனின் வலை அவற்றைக் கரைந்துபோகாமல் பிடித்துக்கொள்ளும். ஷீட்டின் ஓரம் சாஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த இடம் மட்டும் அப்பளம்போல விறைத்துவிடும்.

வெள்ளை சாஸான பெஷமெல்லின் வேலையே தண்ணீரைக் கட்டிவைப்பதுதான். பாலிலும் 87 சதவீதம் தண்ணீர். வெண்ணெய் உருகியதும் அதே அளவு மைதாவைப் போட்டு, பச்சை வாசனை போக வறுக்கிறோம். இதனால் மாவின் ஒவ்வொரு துகள் மீதும் கொழுப்பு பூசிக்கொள்கிறது. அப்புறம் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறினால் துகள்கள் தனித்தனியாக ஊதும், கட்டி தட்டாது. கொதி வந்தபின்தான் முழுக் கெட்டித்தன்மை தெரியும். அதற்கு முன்பே நீர்த்திருக்கிறது என்று மைதாவை மேலும் கொட்டிவிட வேண்டாம்.

சீஸுக்குப் பதில் பனீர் போடலாமா என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். உள்ளே உதிர்த்துப் போடலாம், நன்றாகவே இருக்கும். மேலே போட்டால் உருகாது. பாலின் முக்கியப் புரதமான கேசீனைக் கால்சியம் ஓரளவுக்குப் பிணைத்து வைத்திருப்பதால்தான் மொசரெல்லா சீஸ் சூட்டில் இளகி நூலாக இழுபடுகிறது. கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிந்து பனீர் எடுக்கும்போது, அந்தப் புளிப்பு கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். போதாததற்குச் சூட்டில் குலைந்த, பாலின் இன்னொரு புரதமான மோர்ப்புரதமும் கேசீனோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு சூடு வைத்தாலும் பனீர் காயுமே தவிர இளகாது.

அடுப்பு 180 டிகிரியில் எரிந்தாலும், தண்ணீர் இருக்கும்வரை உள் அடுக்குகள் 100 டிகிரியைத் தாண்டாது. சூடு நடுப்பகுதிக்குப் போய்ச் சேரும் நேரமோ தடிமனின் வர்க்கத்தோடு கூடும். உயரத்தை இரண்டு மடங்காக்கினால், நடு வேக ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். சின்ன ஓடிஜியில் மேல் கம்பி மிக அருகில் இருப்பதால், நடு வேகுமுன் மேலே கருகிவிடும். அதனால் முதல் அரை மணி நேரம் அலுமினியத் தாளால் மூடி வையுங்கள். ஆவி உள்ளேயே நின்று ஷீட் வேகும். தாளை எடுத்தபின் மேற்பரப்பு காய்ந்து 140 டிகிரியைத் தாண்டும்போது, சீஸின் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் கொடுக்கும். 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மயார் பெயரில்தான் இந்த வினை அழைக்கப்படுகிறது. மொசரெல்லாவில் அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுவதற்கும் காரணம் உண்டு. ஆவி சீஸைக் கொப்புளமாகத் தூக்கும். கொப்புளத்தின் உச்சியிலிருந்து எண்ணெய் வழிந்துவிடும். காய்ந்த உச்சி முதலில் சிவக்கும்.

வெளியே எடுத்ததும் வெட்டக் கூடாது. குழந்தைகள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் கால் மணி நேரம் விடுங்கள். ஊதிய மாவுச்சத்திலிருந்து கசிந்த அமிலோஸ் என்ற நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள், ஆறும்போது ஒன்றோடொன்று பின்னி வலையாகித் தண்ணீரைச் சிறைப்படுத்தும். சீஸும் இறுகும். மீந்ததை ஃப்ரிட்ஜில் வைத்தால் அந்த வலை இன்னும் இறுகி ஷீட் விறைப்பாகும். மறுநாள் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடி வைத்துச் சூடாக்கினால் மறுபடி இளகிவிடும்.