மரபணுவைக் கைமாற்றும் மயிரிழை

ஈ. கோலை பாக்டீரியாவின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். அதன் மேல் முளைக்கும் எஃப் பைலஸ் என்ற இழையோ 20 மைக்ரோமீட்டர் வரைகூட நீளும். தடிமன் 9 நானோமீட்டருக்கும் குறைவு என்பதால் சாதாரண நுண்ணோக்கியில் தட்டுப்படாது. இந்த இழையை வைத்துத்தான் ஒரு பாக்டீரியா தன் டி.என்.ஏ.வின் நகலைப் பக்கத்து பாக்டீரியாவுக்குக் கொடுக்கிறது. பிள்ளைக்கு அல்ல, அண்டை வீட்டுக்காரருக்கு.

பாக்டீரியாக்கள் மரபணுக்களைக் கலந்துகொள்கின்றன என்று 1946-இல் ஜோஷுவா லெடர்பெர்க்கும் எட்வர்ட் டேட்டமும் காட்டினார்கள். எப்படி என்பதில் குழப்பம் இருந்தது. 1950-இல் பெர்னார்ட் டேவிஸ், யூ வடிவக் கண்ணாடிக் குழாயின் அடியில் ஒரு நுண்வடிகட்டியைப் பொருத்தி, பக்கத்துக்கு ஒரு வகை பாக்டீரியாவை விட்டார். திரவம் இங்கும் அங்கும் போய்வரும், செல்கள் கடக்காது. கலப்பு நடக்கவே இல்லை. ஆக, செல்லும் செல்லும் தொட்டாக வேண்டும்.

அந்தத் தொடுதலுக்கு வழி செய்வது பைலஸ். அதைக் கட்டும் கல் பைலின் என்ற சின்னப் புரதம், 70 அமினோ அமிலங்கள்தான். உள்சவ்வில் சேர்த்து வைத்திருக்கும் பைலின்களை, அடியில் இருக்கும் ஒரு புரத இயந்திரம் சுருள் வடிவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளியே தள்ளுகிறது. நடுவில் கிட்டத்தட்ட 3 நானோமீட்டர் அகலத்தில் ஒரு துளை.

2016-இல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இதன் அமைப்பைத் துல்லியமாகப் பார்த்தபோது ஒரு வியப்பு. ஒவ்வொரு பைலினோடும் ஒரு பாஸ்போலிப்பிட், அதாவது சவ்வின் கொழுப்பு மூலக்கூறு, சேர்ந்தே இருந்தது. அதன் தலைப்பகுதி துளையை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. இது இல்லாவிட்டால் துளையின் உட்சுவர் நேர்மின்னூட்டம் கொண்டிருக்கும்; எதிர்மின்னூட்டம் உள்ள டி.என்.ஏ. அதில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கொழுப்பு அந்த ஒட்டலைத் தடுக்கிறது. இந்த ஏற்பாட்டைத்தான் பைலஸில் நான் மிகவும் ரசிப்பது.

பைலஸ் சும்மா நீட்டிக்கொண்டு நிற்பதில்லை. பாக்டீரியாக்களைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களை ஒளிரும்படி செய்து, அதில் ஒட்டவைத்துப் படம்பிடித்தபோது, நொடிக்குச் சுமார் 40 நானோமீட்டர் வேகத்தில் வளர்வதும், அதைவிட மெதுவாக உள்ளே திரும்புவதும் தெரிந்தது. பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த ஆட்டம் நடக்கிறது. கிணற்றுக் கயிறு போல இழுக்கிறது, ஆனால் சுருட்டி வைப்பதில்லை. உள்ளே வர வர பைலின் பைலினாகப் பிரிந்து சவ்வுக்கே திரும்புகிறது. நுனி இன்னொரு செல்லில் பட்டுவிட்டால், அந்தச் செல்லும் கூடவே இழுபட்டு வந்து ஒட்டிக்கொள்கிறது.

அப்புறம் வேலை உள்ளே. கைமாறுவது எஃப் பிளாஸ்மிட்: பாக்டீரியாவின் முதன்மை டி.என்.ஏ.விலிருந்து தனியாக இருக்கும், சுமார் 1 லட்சம் கார இணைகள் கொண்ட டி.என்.ஏ. வளையம். பைலஸ் கட்டும் மரபணுக்கள் இருப்பதும் இதில்தான். ரிலாக்ஸேஸ் என்ற நொதி அதன் இரு இழைகளில் ஒன்றைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டி, வெட்டிய முனையோடு தானும் பிணைந்து பயணம் போகிறது. ஒற்றை இழைதான் போகும்; இரு செல்களும் எதிர் இழையைத் தாங்களே கட்டிக்கொள்ளும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். கொடுத்தவர் எதையும் இழப்பதில்லை, வாங்கியவரும் இனி பைலஸ் வளர்த்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

சரி, டி.என்.ஏ. அந்தத் துளை வழியாகவே போகிறதா? பாடப்புத்தகப் படங்கள் அப்படித்தான் வரைந்தன. பைலஸின் வேலை இழுப்பது மட்டுமே, பரிமாற்றம் செல்கள் ஒட்டிய பிறகு நடக்கிறது என்று வாதிட்டவர்கள் பலர். 2008-இல், ஒட்டாமல் தள்ளி இருந்த செல்லுக்குள்ளும் புதிய டி.என்.ஏ. ஒளிப்புள்ளியாகத் தோன்றியதைப் பாரிஸ் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். தொலைவில் உள்ள செல்லுக்குப் பைலஸே பாதையாகிறது என்பதற்கு 2023-இல் வலுவான சான்று கிடைத்தது. ஆனாலும் ஒட்டிய நிலையில் நடப்பதே வழக்கமான வழி. இரு தரப்பும் பாதி சரி என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1950-களில் ஜப்பானில் வெளிப்பட்டது. சீதபேதி தரும் ஷிகெல்லா கிருமி நான்கு வகை மருந்துகளை ஒரே நேரத்தில் எதிர்த்தது. அந்த எதிர்ப்புத் திறன் மொத்தமாக ஈ. கோலைக்கும் ஷிகெல்லாவுக்கும் இடையே கைமாறுவதை 1959-இல் அங்குள்ள ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அவ்வகைப் பிளாஸ்மிட்களில் பேர்பெற்ற ஆர்100, எஃப் பிளாஸ்மிட்டின் நெருங்கிய சொந்தம். பைலஸும் அதே ரகம்.

இவ்வளவு வசதிக்கு ஒரு விலையும் உண்டு. எம்எஸ்2 என்ற ஃபேஜ் பைலஸின் பக்கவாட்டில் ஒட்டும், எம்13 நுனியில் ஒட்டும். பாக்டீரியா பைலஸை உள்ளே இழுக்கும்போது எதிரியையும் சேர்த்தே இழுத்துக்கொள்கிறது. பிளாஸ்மிட்டின் பரிமாற்ற இயந்திரத்தையே நுழைவாயிலாக்கும் பிஆர்டி1 என்ற ஃபேஜை, மருந்து எதிர்ப்புப் பிளாஸ்மிட் வைத்திருந்த பாக்டீரியாக்கள்மீது ஆய்வகத்தில் ஏவிப் பார்த்தார்கள். பிழைத்தவற்றில் பெரும்பாலானவை பிளாஸ்மிட்டையே கைவிட்டிருந்தன. அதை விடாமல் வைத்திருந்தவற்றில் பலவற்றுக்கு, அடுத்தவருக்குக் கொடுக்கும் திறன் போயிருந்தது.